பியூயிக்கின் சேவல்: வரைந்ததா, செதுக்கியதா?

கேள்வி · ஜூன் 4

பழைய புத்தகக் கடையில் சட்டம் போட்ட சேவல் படம் ஒன்று கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். அடியில் ‘தாமஸ் பியூயிக், கோட்டோவியம், 1797’ என்று யாரோ பென்சிலில் எழுதியிருக்கிறார்கள். கழுத்து இறகெல்லாம் கறுப்பின் மேல் வெள்ளைக் கோடு. பென்சிலில் இது வராது. வெள்ளை மை தொட்டு வரைந்த மூல ஓவியம் என்பது என் கணிப்பு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

உளிமுனை · ஜூன் 4, இரவு

மறுக்கிறேன். அந்த வெள்ளையில் மையே இல்லை, வெறும் காகிதம்தான். சுற்றியிருக்கும் கறுப்பு மட்டும்தான் மை. மரக்கட்டையில் செதுக்கி எடுத்த இடத்தில் மை ஒட்டாது, அங்கே காகிதம் வெள்ளையாக நின்றுவிடும். இதற்கு வெள்ளைக்கோட்டு மரச்செதுக்கு என்று பெயர். கண்டுபிடித்தவரே பியூயிக்தான், இங்கிலாந்தின் நியூகாசிலில் பட்டறை வைத்திருந்த மரச்செதுக்குக் கலைஞர்.

1797இல் நியூகாசிலில் வந்த ‘பிரிட்டிஷ் பறவைகள்’ முதல் தொகுதி, நிலப்பறவைகள். அதில் வீட்டுச் சேவல், வான்கோழி, மயில், கினிக்கோழி எல்லாம் உண்டு. தலைப்பில் சேவலின் அறிவியல் பெயர் ‘பேசியானஸ் காலஸ்’ என்று இருக்கும். உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட லின்னேயஸ் கோழியை ஃபெசன்ட் பறவையோடு ஒரே பேரினத்தில் சேர்த்து வைத்திருந்த காலம் அது. உங்களிடம் இருப்பது அந்தப் பக்கத்திலிருந்து வெட்டியதாகத்தான் இருக்கவேண்டும்.

ஈயஎழுத்து · ஜூன் 5

ஒரு திருத்தம். வெள்ளைக் கோட்டையும் சரி, மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் செதுக்குவதையும் சரி, பியூயிக் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே இரண்டும் இருந்தன, ஆனால் மலிவான வேலைக்குத்தான் பயன்பட்டன. செப்புத்தகட்டில் செதுக்கி எடுக்கும் அச்சோடு போட்டி போடும் அளவுக்கு அதைக் கொண்டுபோனவர் அவர். அந்தப் பெருமை போதாதா?

கேட்டவருக்கு: சட்டத்தைக் கழற்றுமுன் 10 மடங்கு லூப் (உருப்பெருக்கும் கண்ணாடி) ஒன்று வாங்குங்கள். கறுப்புக் கோட்டின் விளிம்பைப் பாருங்கள். கோட்டின் நடுவைவிட விளிம்பில் மை அடர்த்தியாக, மெல்லிய கரை கட்டினாற்போல இருந்தால் மேடான பரப்பிலிருந்து அழுத்தி எடுத்த அச்சு. கட்டை காகிதத்தை அழுத்தும்போது நடுவிலிருக்கும் மை ஓரத்துக்குப் பிதுங்கும், அந்தக் கரைதான் அது. டிரெடில் மிஷினில் (காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம்) அடித்த பழைய கல்யாணப் பத்திரிகையின் ஈய எழுத்திலும் இதே கரையைப் பார்க்கலாம். ஆஃப்செட்டில் கரை வராது, மை தட்டையாகப் படிந்திருக்கும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஹாஃப்டோன், புகைப்படம் எடுத்து அச்சடித்தது. அதோடு கதை முடிந்தது.

நாட்டுக்கோழி · ஜூன் 5

அச்சா ஓவியமா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சேவல் சேவலாக இருக்கிறதா? நகல் எடுப்பவர்கள் சறுக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

முள்: காலின் பின்புறம், உள்பக்கமாக, பாதத்துக்குச் சற்று மேலே இருந்து கிளம்பும். தெரியாதவர்கள் வெளிப்பக்கம் வைத்துவிடுவார்கள், அல்லது நேர்பின்னால் ஆணி அடித்ததுபோல. முதல் வருடச் சேவலுக்கு அது வெறும் மொட்டு. நீளமான கூர்முள் போட்டிருந்தால் கொண்டையும் தாடியும் முற்றியிருக்க வேண்டும்.

‘முழங்கால்’ என்று பலரும் வரைவது கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்று இறகுக்குள் மறைந்திருக்கும். இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு வரைந்த சேவல் கொக்கு மாதிரி நிற்கும்.

வால்: நிமிர்ந்த இறகு பக்கத்துக்கு 7 வீதம் 14. அவற்றை மூடிக்கொண்டு அரிவாள்போல வளைந்து விழுகிற பெரிய இறகு இரண்டு, அதையொட்டிச் சின்ன வளைவிறகுகள். அவசரக்காரர்கள் வால் முழுவதையும் அரிவாளாக்கிவிடுவார்கள்.

மடக்கிய இறக்கையில் கடைசிப் பத்துப் பறப்பிறகும் உள்ளே போய்விடும். வெளியே முக்கோணமாகத் தெரிவது இரண்டாம் வரிசை. கால்விரல் நான்கு.

நாட்டுக்கோழி · ஜூன் 5, சற்று நேரம் கழித்து

விரலுக்கு ஒரு விலக்கு விட்டுப்போயிற்று. இங்கிலாந்தின் டார்கிங் இனத்துக்கு ஐந்து விரல். அந்த ஊர்ப் பண்ணைப் படத்தில் ஐந்து விரல் கண்டால் பிழை என்று அடித்துவிடாதீர்கள். முதலில் உடம்பைப் பாருங்கள்: டார்கிங் குட்டைக்கால், பெட்டி மாதிரி அகன்ற உடல்.

உளிமுனை · ஜூன் 6

ஈயஎழுத்தின் திருத்தம் சரி. ‘கண்டுபிடித்தவர்’ என்று நான் எழுதியதை விட்டுவிடுங்கள்.

மூல ஓவியம் என்ற கேள்விக்கு வருகிறேன். ஓவியம் என்று ஒன்று இருந்தது, ஆனால் வேறு வடிவில். பியூயிக் பறவையை முதலில் காகிதத்தில் பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்துகொள்வார். அச்சில் வரப்போகிற அதே அளவு, 8 செ.மீ. அகலத்துக்குள். பிறகு காகிதத்தின் பின்பக்கம் பென்சில் கரியைப் பூசி, கட்டையின் மேல் வைத்து, ஓரங்களைக் கட்டையைச் சுற்றி மடித்துக்கொண்டு, கூர்முனையால் புறக்கோடுகளை மட்டும் அழுத்தி ஓட்டுவார். கரி கட்டையில் இறங்கும். இந்த நீர்வண்ண ஓவியங்கள் பிரிட்டிஷ் மியூசியத்திலும், நியூகாசிலில் நார்தம்பிரியா இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பிலும் இருக்கின்றன.

கட்டையில் இறங்குவது புறக்கோடு மட்டும் என்பதைக் கவனியுங்கள். இறகின் நுணுக்கம் கரியில் வராது. கழுத்து இறகு ஒவ்வொன்றையும் அவர் மரத்தில், உளிமுனையில்தான் முதல்முறையாக வரைந்தார். அந்தக் காலத்தில் ஒருவர் வரைவார், மற்றொருவர் அதைக் கோடு பிசகாமல் வெட்டுவார். வெட்டுபவருக்குச் சேவலைப் பார்த்த அனுபவம் வேண்டியதில்லை. பியூயிக்கிடம் வரைந்த கையும் வெட்டிய கையும் ஒன்று. அதனால் ‘மூல ஓவியம் எது’ என்று என்னைக் கேட்டால் கட்டையைத்தான் காட்டுவேன். நீர்வண்ணம் அதற்கு முன்குறிப்பு, நீங்கள் வைத்திருக்கும் காகிதம் அதன் பதிவு.

கேள்வி கேட்டவர் · ஜூன் 6

லூப் வாங்கிவிட்டேன். விளிம்பில் கரை தெரிகிறது. சரி, அச்சுதான். அப்படியானால் இனி யாராவது ‘பியூயிக்கின் பென்சில் சேவல்’ என்று நீட்டினால் எப்படிச் சோதிப்பது?

உளிமுனை · ஜூன் 6, இரவு

திசையைப் பாருங்கள். காகிதத்தில் இடது பார்த்த சேவல் கட்டையிலும் இடது பார்க்கும், அச்சில் வலது பார்க்கும். உண்மையான முன்வரைவு அச்சுக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கவேண்டும். புத்தகத்தைப் பார்த்து யாரோ பழகிய நகல் அச்சின் திசையிலேயே இருக்கும். பியூயிக்கின் பறவைகளைப் பார்த்து வரைந்து பழகியவர்களுக்குக் கணக்கே இல்லை, ஆகவே சந்தைக்கு வரும் ‘பென்சில் பியூயிக்’ மேல் முதலில் சந்தேகப்படுவதே முறை.

ஈயஎழுத்து · ஜூன் 7

திசை மட்டும் போதாது. மெத்தென்ற பென்சிலில் வரைந்ததைக் கட்டைமேல் முகம் குப்புற வைத்துத் தேய்த்தாலும் கரி இறங்கும். அப்போது கட்டையில் படம் திரும்பும், அச்சில் மறுபடி திரும்பி ஓவியத்தின் திசைக்கே வந்துவிடும். அதனால் திசையோடு மூன்று தடயங்களையும் சேர்த்துப் பாருங்கள்: பின்பக்கம் கரிப்பூச்சு, ஓரத்தில் மடிப்புத்தடம், பக்கவாட்டில் டார்ச் அடித்தால் புறக்கோட்டில் தெரிகிற பள்ளம். நகலெடுத்தவர் கட்டைக்கு மாற்றப் போவதில்லை, அவர் காகிதத்தில் இந்த மூன்றும் இருக்காது.

இன்னொன்று: மூன்றும் இருந்தாலும் பியூயிக் கை என்று சொல்லிவிட முடியாது. தம்பி ஜான், ராபர்ட் ஜான்சன், லூக் கிளெனல் என்று பட்டறையில் கைகள் பல. 1804இல் வந்த நீர்ப்பறவைத் தொகுதியின் பக்கக் கடைசிச் சிறுபடங்களில் கிளெனலின் கை நிறைய உண்டு.

உளிமுனை · ஜூன் 7

ஒப்புக்கொள்கிறேன். திசைச் சோதனையை மூன்று தடயங்களோடு சேர்த்தே வாசியுங்கள்.

நாட்டுக்கோழி · ஜூன் 8

உயிர்ச்சேவலைப் பார்த்து வரைந்தாரா, பஞ்சு அடைத்ததையா?

உளிமுனை · ஜூன் 8

1791இல் யார்க்‌ஷயரின் வைக்ளிஃப் என்ற ஊருக்குப் போய், மார்மடியூக் டன்ஸ்டல் சேகரித்து வைத்த பதம் செய்த பறவைகளை இரண்டு மாதம் போல வரைந்தார். வந்தபின் புதிதாகச் சுட்ட பறவைகளோடு ஒப்பிட்டால் நிலையும் பொய், இறகின் படிவும் பொய். அதன்பிறகு முடிந்தமட்டும் அன்று சுட்டதோ உயிரோடிருப்பதோ கிடைக்கும்வரை காத்திருந்தார். பண்ணைப் பறவைக்கு இந்தக் காத்திருப்பே வேண்டாம், வாசலிலேயே மேய்கிறது. அவர் பிறந்த செர்ரிபர்ன், டைன் ஆற்றங்கரையில் ஒரு சிறு பண்ணைவீடு.

நாட்டுக்கோழி · ஜூன் 8

பஞ்சு அடைத்த சேவலை ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். கழுத்து இறகு தோலோடு ஒட்டிக் கிடக்கும். உயிர்ச்சேவல் கழுத்தை நிமிர்த்தும்போது அந்த இறகு தோளின் மேல் சால்வைபோல விரிந்து, நுனிகள் பிரிந்து நிற்கும். தாடியும் கொண்டையும் காய்ந்து சுருங்குவது அடுத்த அடையாளம்.

கேள்வி கேட்டவர் · ஜூன் 9

அந்தக் கழுத்து இறகை எப்படி வெட்டினார்? ஒரே ஒரு இறகை எடுத்துச் சொல்லுங்கள். நானும் லினோ (அச்சுக்காகச் செதுக்கும் லினோலியம் தகடு) வெட்டியிருக்கிறேன், அதில் இது வரவே வராது.

உளிமுனை · ஜூன் 9, இரவு

லினோவில் வராததற்குக் காரணம் பொருள். லினோவின் ஓரம் மெத்தென்று நொறுங்கும். பியூயிக் எடுத்தது பாக்ஸ் மரம், அதுவும் பலகையாக அறுத்தது இல்லை, தண்டைக் குறுக்கே அறுத்த வட்டின் முகம். அதில் நார் உங்களைப் பார்த்து நிற்கும், எந்தப் பக்கம் உளி ஓட்டினாலும் பிளக்காது. பாக்ஸ் மிக மெதுவாக வளரும் சிறு மரம், அதனால் கட்டையும் சிறிது. பெரிய படம் வேண்டுமென்றால் துண்டுகளை ஒட்டவேண்டும். சேவல் படம் உள்ளங்கைக்குள் அடங்குவதற்கு மரமும் ஒரு காரணம்.

இப்போது ஒரு இறகு. கட்டையின் முகத்தில் நீர்த்த கறுப்பு மை பூசிக் காயவைத்திருப்போம், வெட்டிய இடம் வெளிர்மஞ்சளாகத் தெரியவேண்டும் என்பதற்காக. கையில் எடுப்பது சாய்சதுர முனையுள்ள கிரேவர் என்ற செதுக்குளி. காளான்போன்ற கைப்பிடி உள்ளங்கையில் உட்காரும், கட்டைவிரல் கட்டையின் மேல் ஊன்றி நிற்கும், முனை கிட்டத்தட்ட படுத்தாற்போல இருக்கும். நுனியிலிருந்து ஆரம்பிக்கிறோம். மயிரிழையாக இறங்கி, நடுவில் கைப்பிடியை ஒரு பொட்டு உயர்த்தினால் முனை ஆழமாக இறங்கிக் கோடு தானாக அகலும், அடியில் மறுபடி தாழ்த்தி வெளியே எடுத்தால் கோடு கூராக முடியும். நெல் மணிபோல இரு முனையும் கூர், நடுவில் பருமன். இந்த வடிவம் கிரேவரின் கையெழுத்து. நடுத்தண்டுக்கு ஒரு மயிரிழைக் கறுப்பை விட்டு, அதன் மறுபக்கம் இரண்டாவது கோடு. இறகு முடிந்தது. அடுத்த இறகின் அடிப்பகுதியை இதன் நுனி மறைக்கும், ஆகவே தோளிலிருந்து தலையை நோக்கி ஏறக்கூடாது, தலையிலிருந்து தோளுக்கு இறங்கவேண்டும்.

வளைவுக்கு உளியைத் திருப்பாதீர்கள். கட்டையின் அடியில் மணல் நிரப்பிய தோல்மெத்தை இருக்கும், இடது கையால் கட்டையைத்தான் சுழற்றவேண்டும். உளியைத் திருப்பினால் கோட்டின் வெளிஓரம் நசுங்கும். வெட்டும்போது தெரியாது, அச்சில் சாம்பல் கறையாக வரும்.

மற்ற இடங்களுக்கு வேறு வெட்டு. கொண்டையும் தாடியும் இறகில்லாத தோல், அங்கே கோடு போட்டால் இறகாகிவிடும். முனையால் குத்திக் குத்தி எடுத்த புள்ளிகள்தான் சரி. சிவப்பை அடர்சாம்பலாகக் காட்டவேண்டும், புள்ளிகள் நெருங்கினால் வெளுத்துவிடும். காலில் செதிலுக்குச் செதில் குறுக்கே ஒரு சிறு வெட்டு. கறுத்த வாலிறகில் கை வைக்காமல் விடுவதுதான் கஷ்டமான வேலை: முழுக்கறுப்பு, வளைவின் உச்சியில் மட்டும் நாலைந்து இணைகோடு. பளபளப்பு வந்துவிடும். பத்துக் கோடு போட்டால் வால் தும்பைப்பூ.

ஈயஎழுத்து · ஜூன் 10

கிரேவர் மழுங்கினால் மேலே சொன்னது ஒன்றும் நடக்காது. முகத்தை 45 பாகைக்குக் கல்லில் எண்ணெய் விட்டுச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கவேண்டும். மணிக்கட்டு ஆடக்கூடாது, ஆடினால் ஒரு முகத்துக்குப் பதில் இரண்டு முகம் விழும். சோதனைக்கு முனையைக் கட்டைவிரல் நகத்தில் சும்மா வைத்துத் தள்ளுங்கள். கடித்து நின்றால் கூர். வழுக்கினால் மறுபடி கல்.

உளிமுனை · ஜூன் 12

விட்டுப்போன முக்கியமான ஒன்று: தாழ்த்துதல். படத்தின் பின்னணியைப் பாருங்கள். சேவலின் கறுப்பு ஆழமாக இருக்கும், தூரத்தில் உள்ளது மங்கலான சாம்பலாக இருக்கும். மை ஒன்றுதான், எப்படி இரண்டு கறுப்பு? தூரப்பகுதி வரும் இடத்தில், வெட்டத் தொடங்குமுன் கட்டையின் முகத்தையே சுரண்டி ஒரு காகிதத் தடிமன் அளவுக்குத் தாழ்த்திவிடுவார். தாழ்ந்த இடத்தில் அச்சின் அழுத்தம் குறையும், மை மென்மையாக ஒட்டும். ஓரங்களிலும் இப்படித் தாழ்த்துவதால்தான் அவர் படங்களுக்குச் சட்டக்கோடு தேவைப்படுவதில்லை, காகிதத்துக்குள் கரைந்துபோகும். உரைநடை நடுவில் சேவல் நிற்பதுபோல இருப்பது இதனால்தான்.

ஈயஎழுத்து · ஜூன் 12

அச்சுக்காரனுக்குத் தலைவலியும் அதனால்தான். கட்டை எழுத்தின் உயரத்துக்கே இருக்கவேண்டும், இன்றைய கணக்கில் சுமார் 23.3 மி.மீ. அப்போதுதான் ஈய எழுத்தோடு ஒரே ஃபாரத்தில் (அச்சுச் சட்டகத்தில்) பூட்டி ஒரே இழுப்பில் அச்சடிக்கலாம். செப்புத்தகட்டுக்கு இது முடியாது, தனி மிஷின், தனித் தாள். பறவைப் புத்தகத்தில் படத்துக்குக் கீழேயே விவரம் இருப்பது இந்த வசதியால்.

தாழ்த்திய கட்டையை டிரெடிலில் கெட்டிப் பேக்கிங் (அச்சுத்தாளின் பின்னால் வைக்கும் காகித அடுக்கு) வைத்து அடித்தால் பின்னணி விழவே விழாது, சேவல் மட்டும் அந்தரத்தில் நிற்கும். பேக்கிங்கை மெத்தென்று ஆக்கினால் பின்னணி வரும், ஆனால் கழுத்து இறகின் வெள்ளை அடைத்துக்கொள்ளும். வழி: நடுத்தரப் பேக்கிங், கறுப்பு வரவேண்டிய இடத்துக்கு மட்டும் நேராகப் பின்னால் டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து ஒட்டுவது. கத்தரியால் வெட்டினால் அதன் விளிம்பு அச்சில் தெரியும், அதனால் கையால் கிழித்து ஓரத்தை மெலிதாக்கவேண்டும். மை கெட்டியாக, ரோலரில் மெல்லிய படலமாக. ரோலர் ஓடும்போது பட்டுப்புடவை உரசுகிற சத்தம் வந்தால் சரி, சப்சப்பென்று ஒட்டினால் மை அதிகம். பியூயிக் காலத்து ஆட்கள் தோல் பந்தால் மை தட்டி, ஈரக்காகிதத்தில் எடுத்தார்கள். ஈரக்காகிதம் கட்டையின் மேட்டுக்குத் தானாக வளைந்து கொடுக்கும்.

நாட்டுக்கோழி · ஜூன் 13

இத்தனை அழுத்தத்தில் மரம் தேயாதா?

ஈயஎழுத்து · ஜூன் 13

தேய்வது குறைவு. ஒரு செய்தித்தாளுக்காக வெட்டிய சிறு கட்டை 9 லட்சம் படிகளுக்கு மேல் தாங்கியதாகப் பியூயிக்கே நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். மரத்தின் எதிரி அழுத்தம் கிடையாது, வெப்பமும் ஈரமும்தான். 1789இல் டன்ஸ்டலுக்காக அவர் வெட்டிய சில்லிங்ஹாம் காளை அவருடைய பெரிய கட்டைகளில் ஒன்று. சில படிகள் எடுத்ததுமே பிளந்தது, வெயில் பட்டதால் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கட்டையைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்தி வைத்தால் இரண்டு முகத்துக்கும் ஒரே காற்று போகும், கோணாது. நம் ஊர் மழைக்காலத்துக்கும் இதே விதி.

கேள்வி கேட்டவர் · ஜூன் 15

சட்டத்தைக் கழற்றினேன். பின்பக்கம் ஆங்கிலத்தில் அச்சிட்ட உரை இருக்கிறது. படத்துக்குக் கீழேயும் உரை இருந்திருக்கிறது, மேல் அட்டையை வைத்து மறைத்துவிட்டார்கள். படம் 8 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. தாளில் நீர்க்குறி (வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் காகித ஆலையின் குறி) தெரியவில்லை. 1797 என்று நம்பலாமா?

ஈயஎழுத்து · ஜூன் 15

பின்பக்க உரையோடு இருப்பதால் புத்தகத்தாள் என்பது உறுதி. ஆண்டு உறுதியில்லை. அவர் வாழ்நாளிலேயே 1826 வரை பல பதிப்புகள் வந்தன, 1828இல் அவர் இறந்த பின்னும் வந்தன. 1880களில் அதே மூலக்கட்டைகளை வைத்து நினைவுப் பதிப்பு ஒன்றும் அச்சிட்டார்கள். எல்லாமே ‘அசல் கட்டை’தான், ஆகவே சேவலைப் பார்த்து ஆண்டு சொல்ல முடியாது. ஒவ்வொரு பதிப்புக்கும் எழுத்தைப் புதிதாகக் கோத்தார்கள். பக்க எண், வரி எந்தச் சொல்லில் முறிகிறது என்பது, பின்பக்கத்தின் முதல் வரி, இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு இணையத்தில் ஸ்கேன் செய்த பதிப்புகளோடு ஒப்பிடுங்கள். அரைமணி வேலை.

நீர்க்குறி இல்லாதது எதையும் நிரூபிக்காது. பெரிய தாளை மடித்துப் புத்தகமாக்கும்போது குறி ஒரு சில பக்கத்தில்தான் விழும். 1794க்குப் பின் ஏற்றுமதி வரிச் சலுகைக்காக ஆங்கிலக் காகித ஆலைகள் ஆண்டைக் குறியிலேயே போட்டன, உங்கள் தாளில் அது விழுந்திருந்தால் அதிர்ஷ்டமாக இருந்திருக்கும்.

உளிமுனை · ஜூன் 15, இரவு

மேல் அட்டையைத் திரும்பப் போடும்போது உரையையும் தெரியவிடுங்கள். அவர் சேவலை அந்த எழுத்துகளோடு சேர்த்துத்தான் கட்டினார். 1800இல் வந்த ஒரு கவிதையில் பியூயிக்கின் மேதைமை தனக்கு இல்லையே என்று வேர்ட்ஸ்வொர்த் ஏங்கியது இப்படிப்பட்ட புத்தகப் பக்கங்களைப் பார்த்துத்தான். சுவரில் தொங்கவிட்ட ஓவியங்களைப் பார்த்து இல்லை.

ஈயஎழுத்து · ஜூன் 16

செலோடேப் வேண்டவே வேண்டாம், ஃபெவிகாலும் கூடாது. மெல்லிய ஜப்பானியக் காகிதத்தில் இரண்டு சிறு பட்டை கிழித்து, கோதுமைமாவுப் பசை தடவி, தாளின் மேல்விளிம்பில் மட்டும் கீல்போல ஒட்டுங்கள். கீழே சும்மா தொங்கட்டும், காற்றில் ஈரம் ஏறும்போது விரிய இடம் வேண்டும். அமிலமில்லாத அட்டை. கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, நடுவில் மேல் அட்டையின் தடிமன் இடைவெளி. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம்.

நாட்டுக்கோழி · ஜூன் 16

மாட்டுமுன் கால்விரலை எண்ணிச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர் · ஜூன் 17

நான்கு. முள் உள்பக்கம்தான் இருக்கிறது. பக்க எண்ணைக் குறித்துக்கொண்டேன், ஒப்பிட்டுவிட்டு வருகிறேன். பென்சிலில் எழுதியிருந்த ‘கோட்டோவிய’த்தை அழிக்கட்டுமா?

ஈயஎழுத்து · ஜூன் 17

அழிக்காதீர்கள். யாரோ ஒருவர் ஒரு காலத்தில் அப்படி நம்பினார் என்பதும் அந்தத் தாளின் வரலாறுதான். சட்டத்தின் பின்அட்டையில் ‘மரச்செதுக்கு அச்சு, புத்தகத்தாள்’ என்று உங்கள் கையால் தனியாக எழுதுங்கள். மென்மையான பென்சில், தேதியோடு.

உளிமுனை · ஜூன் 18

பதிப்பு எதுவென்று தெரிந்ததும் இங்கே போடுங்கள். முடிந்தால் கழுத்துப் பகுதியை லூப் வழியாகப் படம் எடுத்து அனுப்புங்கள். இறகின் அடிமுனை கூராக முடிகிறதா, மை அடைத்து மொட்டையாக நிற்கிறதா என்று பார்க்கவேண்டும்.